பரோடாவுக்கு வந்த மனையியல் ஆசிரியை

பரோடா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு சம்பவம்தான். 1917-ல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, மன்னர் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாக வேலை செய்யப் போன அண்ணல் அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தன்னைப் பார்சி என்று சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் ரயிலைப் பிடித்தார்.

அதே பரோடாவுக்கு 33 ஆண்டுகள் கழித்து, 1950-ல், அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினப் பேராசிரியை ஃபுல்பிரைட் நல்கையில் வந்தார். பெயர் ஃப்ளெமி கிட்ரெல். ஓராண்டுக்கு முன்தான் தொடங்கியிருந்த பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் கல்வியை உருவாக்க உதவுவது அவருடைய வேலை. கறுப்பின மக்களின் போராட்டத்தையும் நம்முடைய போராட்டத்தையும் சேர்த்துப் பேசும்போது நாம் டுபோய்ஸைச் சொல்கிறோம், மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்கிறோம், கருஞ்சிறுத்தைகளைச் சொல்கிறோம். இந்தியாவுக்கே வந்து வேலை செய்த இந்தப் பெண்ணைச் சொல்வதில்லை. சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியைக்கு விடுதலை வரலாற்றில் என்ன இடம் என்ற அலட்சியம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அலட்சியம் நம் இயக்கங்களுக்குள்ளும் உண்டு.

கிட்ரெல் 1904 டிசம்பர் 25 அன்று வட கரோலினா மாநிலத்தின் ஹெண்டர்சனில் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். பெற்றோர் பங்குக் குத்தகை விவசாயிகள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு தெற்கு மாநிலங்களில் வேரூன்றிய ஏற்பாடு அது. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடன் அறுவடையில் கழியும், மறுபடி ஏறும். நம் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 11 வயதில் கிட்ரெல் பிறர் வீடுகளில் பிள்ளை பார்க்கவும் சமைக்கவும் வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு ஹாம்ப்டன் நிறுவனத்தில் படித்தார். 1868-ல், விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் அது. கைத்தொழில் கல்விக்குப் பேர்போனது. புக்கர் வாஷிங்டன் அங்கே படித்தவர்தான். கறுப்பினப் பிள்ளைகளைத் தொழிலாளிகளாக மட்டுமே வார்க்கும் இந்த வகைக் கல்வியை டுபோய்ஸ் கடுமையாக எதிர்த்தார் என்பதும் நாம் அறிந்த வரலாறு. கிட்ரெல்லுக்கும் முதலில் மனையியலில் விருப்பமில்லை. வீட்டு வேலையில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். அரசியலும் பொருளாதாரமும்தான் அவரை இழுத்தன. ஓர் ஆசிரியை வற்புறுத்தியதாலும், எம்.ஐ.டி.-யில் சேர்ந்த முதல் பெண்ணும் மனையியல் துறையின் முன்னோடியுமான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸைப் பற்றிப் படித்ததாலும் மனம் மாறினார். ரிச்சர்ட்ஸ் வேதியியல் படித்தவர், குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆராய்ந்தவர். அடுப்படியில் அறிவியல் இருக்கிறது என்று அவர் வழியாகக் கிட்ரெல்லுக்குத் தெரிந்தது.

அந்தத் தயக்கத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1940-ல்கூட அமெரிக்காவில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் வீட்டு வேலைக்காரர்கள். 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது வீட்டு வேலையாட்களையும் விவசாயக் கூலிகளையும் வெளியே நிறுத்தியது. அதாவது கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பகுதியை. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு மனையியல் சொல்லிக்கொடுப்பது, வெள்ளைக்கார எஜமானிக்கு நல்ல சமையல்காரியைத் தயார் செய்து அனுப்பும் வேலையாக முடிந்துபோக எல்லா வாய்ப்பும் இருந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணின் கை சமைத்ததை வெள்ளையர் சாப்பிட்டார்கள். அவள் பாலில் தங்கள் குழந்தைகளை வளர்த்தார்கள். உடன் உட்கார்ந்து சாப்பிட மட்டும் விடவில்லை. இங்கே அந்தக் கை பட்டாலே தீட்டு. தலித் பெண்ணுக்கு வாசல் உண்டு, தொழுவம் உண்டு, கழிவறை உண்டு, சமையலறை கிடையாது. 2018-ல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியைப் பூட்டித் தகராறு செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்களை அடுப்படிக்குள்ளேயே அடைத்தார்கள் என்றால் நம்மை அடுப்படிக்கு வெளியே நிறுத்தினார்கள். நிறவெறியும் சாதியும் ஒன்றுதான் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த ஒன்றை யோசிக்க வேண்டும்.

1928-ல் பட்டம் பெற்ற கிட்ரெல், கிரீன்ஸ்பரோ நகரிலிருந்த பென்னட் கல்லூரியில் ஆசிரியையானார். கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி அது. அங்கே பணியாற்றிக்கொண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலையும் 1936-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். ஊட்டச்சத்துத் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஆய்வுப் பொருள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வட கரோலினாவின் ஒரு பகுதியில் கறுப்பினத் தாய்மார்கள் கைக்குழந்தைகளுக்கு எப்படி உணவூட்டுகிறார்கள் என்பதை ஆராய்ந்தார். வெள்ளையர் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகள் அதிகமாக இறந்துகொண்டிருந்த காலம். பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த 11 வயதுச் சிறுமி, வளர்ந்து தன் மக்களின் பிள்ளைகள் என்ன குடிக்கின்றன என்று கணக்கெடுக்கப் போனாள்.

அவர் பென்னட்டில் இருந்தபோதுதான், 1937-38-ல், கறுப்பினத்தவரைத் திரையில் கண்ணியமாகக் காட்ட மறுத்த கிரீன்ஸ்பரோ திரையரங்குகளை அக்கல்லூரி மாணவிகள் புறக்கணித்தார்கள். 1960 பிப்ரவரியில் உலகம் அறிந்த உள்ளிருப்புப் போராட்டம் நடந்ததும் இதே ஊரில்தான். அது ஒரு கடையின் சாப்பாட்டு மேடையில் நடந்தது. நாங்களும் இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

1944-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் மொர்டெகாய் ஜான்சன் அழைக்க, கிட்ரெல் வாஷிங்டன் சென்று மனையியல் துறைத் தலைவரானார். அன்றைய வாஷிங்டனில் நகர மையத்து உணவகங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஹோவர்டு மாணவர்கள் 1943-லும் 1944-லும் அந்த உணவகங்களில் உட்கார்ந்து போராடினார்கள். 1953-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே கதவு திறந்தது. ஆக, மனிதருக்கு என்ன உணவு தேவை என்பதில் நாட்டின் உயர்ந்த பட்டம் பெற்ற ஒருவருக்குத் தன் நாட்டுத் தலைநகரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிட உரிமையில்லை. இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இது புரியும். அதே அமெரிக்க அரசுதான், உலகத்துக்கு உணவு பற்றிப் பாடம் நடத்த அவரை நாடு நாடாக அனுப்பியது. பனிப்போர் காலத்தில் கறுப்பினப் பேராசிரியை ஒருவரை வெளிநாட்டில் காட்டுவது அமெரிக்காவுக்கு வசதியாக இருந்தது. கிட்ரெல் அந்த வசதியைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

முதல் பயணம் லைபீரியா. 1946 டிசம்பர் முதல் 1947 ஜூன் வரை ஊர் ஊராகப் போய் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். அரிசியும் மரவள்ளியும் வயிற்றை நிரப்புகின்றன, உடம்புக்கு வேண்டிய புரதமும் வைட்டமின்களும் கிடைப்பதில்லை என்று கண்டார். இதை ‘மறைந்திருக்கும் பசி’ என்றார். பட்டினி கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. வயிறு நிறைந்தவனைப் பார்த்துப் பசியாய் இருக்கிறான் என்று யார் சொல்வார்கள்?

நான் வேலை செய்யும் குடியிருப்புகளில் ரேஷன் அரிசி எல்லா வீட்டிலும் இருக்கிறது. ரத்தசோகையும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் ஊட்டச்சத்துப் பாடங்களோ பாலையும் பருப்பையும் பற்றிப் பேசும் அளவுக்கு, சேரி மக்களின் மலிவான புரதமான மாட்டிறைச்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பரோடாவில் அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஹன்சா மேத்தா. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும் தொடரை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றப் போராடியவர். கிட்ரெல் 1953-ல் மறுபடியும் இந்தியா வந்தார், மனையியலும் ஊட்டச்சத்தும் கற்பித்தார். துறை வளர்ந்தது, நாடெங்கும் பரவியது. ஆனால் பரவிய விதத்தில் எனக்குக் குறை உண்டு. படித்த குடும்பத்து மருமகள் வீட்டை எப்படி அழகாக நடத்துவது என்பதே அதன் மையமாகிப் போனது. மனையியலில் உள்ள ‘மனை’ யாருடைய மனை? மனைப்பட்டாவுக்காக வருடக்கணக்கில் மனு எழுதும் பெண்களோடு தாலுகா அலுவலகத்துக்கு நடப்பவள் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. நம் பள்ளிகளில் மதிப்பெண் குறைந்த பெண்பிள்ளைகளை ஒதுக்கிவிடும் பாடப்பிரிவாக அது தேய்ந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

ஹோவர்டில் கிட்ரெல்லின் பாதை வேறாக இருந்தது. நீண்டகாலம் வாதாடித் தன் துறைக்கென ஒரு கட்டடம் பெற்றார். 1963-ல் அது திறக்கப்பட்டது. அங்கே ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கான சோதனை முன்பருவப் பள்ளியை நடத்தினார். குழந்தைகளை மட்டும் அழைக்காமல் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டார். 1965-ல் அமெரிக்க அரசு தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்துக்கு இதுபோன்ற முயற்சிகளே முன்மாதிரி. நம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1975-ல் வந்தது.

1970-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கறுப்பினப் பெண்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தவர்கள் 1977-ல் அவரைப் பேட்டி கண்டு பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டு, 73 வயதில், ஃபுல்பிரைட் விரிவுரையாளராகத் திரும்பவும் இந்தியாவுக்கு வந்தார். 1980 அக்டோபரில் வாஷிங்டனில் இறந்தார். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மூர்லேண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு மையத்தில் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் யாராவது ஒருத்தி ஆய்வுக்கு அங்கே போனால், பரோடா என்று எழுதிய பெட்டியை முதலில் கேட்கட்டும்.