தோற்றால் ஊர் திரும்ப வேண்டும்: டுராண்ட் கோப்பையின் முதல் ஆண்டு

யூபிலி மலரில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். திருவிழாக் கொடியேறியதும் கடற்கரைப் பங்குகளின் இளைஞர்கள் மணலில் கம்பு நட்டுப் பந்தாடக் கிளம்புவதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரே ஆட்டத்தில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த ‘நாக்-அவுட்’ கோப்பை நம் நாட்டிற்கு வந்த கதையைச் சிறிது பார்ப்போம்.

இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி 1871-இல் தொடங்கிற்று. முதல் ஆண்டில் பெயர் கொடுத்தவை 15 குழுக்களே. அவற்றுள் ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க் குழு, கிளாஸ்கோவிலிருந்து இலண்டன் வரை வந்து அரையிறுதியில் கோலின்றிச் சமன் செய்தது. மறு ஆட்டம் வரை தங்கக் கையில் பணமில்லை. போட்டியை விட்டு ஊர் திரும்பிவிட்டது. (வண்டிச் சத்தம் இல்லாமல் போட்டியைக் கைவிடுவது நம் பக்கத்துக்கும் புதிதன்று!) எதிரணியான வாண்டரர்ஸ் 1872 மார்ச் 16-இல் கோப்பையை வென்றது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1888-இல், சிம்லா மலையில் அதே முறையில் ஒரு கோப்பைப் போட்டி தொடங்கிற்று. கோப்பையை வழங்கியவர் அன்றைய அரசின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டுராண்ட். ஆப்கானிஸ்தான் எல்லைக்கு 1893-இல் கோடு கிழித்தவரும் இவரே. சிப்பாய்களின் உடல்நலத்துக்கு விளையாட்டு உதவும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஆடியவர்கள் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரப் படைப்பிரிவினர் மட்டுமே. முதல் இறுதியாட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ஹைலேண்டு லைட் இன்ஃபன்ட்ரியை 2–1 என்று வென்றது. இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைகள். அன்று தோற்றவர்கள் சளைக்கவில்லை. 1893, 1894, 1895 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையைக் கொண்டுபோனார்கள்.

ஆடியது நம் மண்ணில். ஆயினும் வென்றவர் பட்டியலில் நம்மவர் குழு ஒன்றின் பெயர் ஏற 52 ஆண்டுகள் ஆயின. போட்டி டில்லிக்கு மாறிய 1940-இல், கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ராயல் வார்விக்‌ஷயர் படையை வென்றது. கோல் கணக்கு 2–1. முதல் ஆண்டின் அதே கணக்கு.

தமிழகத்துக்குக் கோப்பை வந்தது 1955-இல். நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையம் வென்றது. அக்குழுவின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். படையில் சேர்ந்தபோது அவர் முன்வரிசையில் ஓடிக் கோல் அடிப்பவர். பிறகுதான் கோல் வாசலைக் காக்கப் போனார். வெல்லிங்டன் குழு 1958-இலும் கோப்பையை வென்றபோது காவல் அவருடையதே. 1956-இல் மெல்போர்னுக்கும் 1960-இல் ரோமுக்கும் ஒலிம்பிக் ஆடச் சென்ற இந்தியக் குழுக்களிலும் அவர் இருந்தார்.