தர்ஜினி சிவலிங்கமும் இலங்கை வலைப்பந்தாட்டமும்

தர்ஜினி சிவலிங்கம் (பிறப்பு 1979) இலங்கைத் தேசிய மகளிர் வலைப்பந்தாட்ட அணியின் புகழ்பெற்ற வீராங்கனை. யாழ்ப்பாண மாவட்டத்தில் புன்னாலைக்கட்டுவனுக்கு அருகிலுள்ள ஈவினை அவரது ஊர். உயரம் 208 செ.மீ., அதாவது 6 அடி 10 அங்குலம். கோல் போடும் 'கோல் ஷூட்டர்' இடத்தில் ஆடிய அவரைத் தடுப்பது எப்படி என்பது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

விளையாட்டின் வரலாறு

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இங்கே காஞ்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் எறிபந்து, கபடி, கோ-கோ ஆடுகிறார்கள். வலைப்பந்தாட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பெயரை வைத்து இதைக் கைப்பந்து என்று எண்ணிவிடக் கூடாது. இது கூடைப்பந்தின் தங்கை. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அது இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளுக்குச் சென்று, விதிகள் மாறி, தனி விளையாட்டாயிற்று. பின்னர் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளில் பரவியது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி இருந்தது. அவற்றை ஒன்றாக்கவும் சர்வதேச அமைப்பு ஒன்றை நிறுவவும் 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய இடம் இலங்கைதான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் இலங்கை ஆடியது. 1998இல் கோலாலம்பூரில் வலைப்பந்தாட்டம் காமன்வெல்த் விளையாட்டுகளில் சேர்ந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய மகளிர் அணியும் களமிறங்கியது.

தடுப்பாட்டமும் உயரமும்

அணிக்கு ஏழு பேர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும், பின்பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்த பந்தை 3 விநாடிக்குள் பிறருக்கு அனுப்ப வேண்டும், அல்லது கோலுக்கு எறிய வேண்டும். கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவர் மட்டுமே, அதுவும் 4.9 மீட்டர் அரைவட்டத்துக்குள் நின்றுதான், கோல் போடலாம்.

அவர்களைத் தடுப்பவர்கள் கோல் கீப்பரும் கோல் டிஃபென்ஸும். பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றே அவர்கள் கையை நீட்டித் தடுக்க முடியும். உடலால் இடிப்பது குற்றம். இந்த விதியால், பந்து தர்ஜினியின் கைக்கு வந்துவிட்டால் தடுப்பவர் எவ்வளவு எட்டினாலும் பயன் குறைவு. ஆகவே பந்து அவரிடம் வந்து சேராமல் பார்ப்பதே ஒரே வழி. எதிரணியினர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக அவரைச் சூழ்ந்து நிற்பார்கள். அரைவட்டத்தின் விளிம்பில் பந்து அனுப்புபவர்களை நெருக்குவார்கள்.

உயரம் மட்டும் போதாது என்பதும் இதிலிருந்து புரியும். தலைக்கு மேலே, சரியான கணத்தில், சரியான இடத்தில் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கும் நடுக்கள வீராங்கனைகள் வேண்டும். வந்த பந்தை நழுவவிடாத பிடியும், பின்பலகை இல்லாத வளையத்தில் தவறாமல் போடும் குறியும் வேண்டும். இவை பயிற்சியால் மட்டுமே வருபவை.

போர்க்காலமும் ஆசியப் பட்டங்களும்

1983இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தர்ஜினிக்கு வயது நான்கு. 2009இல் அது முடிந்தபோது முப்பது. அவருடைய பள்ளிப் பருவமும் இளமையும் முழுவதும் போருக்குள் கழிந்தன. போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டில் இலங்கை ஆசியப் பட்டம் வென்றது. அந்த அணியில் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணான அவரும் இருந்தார். சிங்களத் தோழியர் எறிந்த பந்தை அவர் வாங்கிக் கோலாக்கினார். போர் விட்டுச்சென்ற காயங்களை ஒரு விளையாட்டு ஆற்றிவிடாது. ஆயினும், இரண்டு இனத்தவரும் ஒருவரையொருவர் நம்பினால்தான் வெல்ல முடியும் என்ற நிலை அந்த ஆடுகளத்தில் இருந்தது.

அதன்பின் 2012, 2014 பட்டங்களைச் சிங்கப்பூரும் 2016 பட்டத்தை மலேசியாவும் வென்றன. 2018இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் இலங்கை 69–50 என அந்நாட்டையே வென்று பட்டத்தை மீட்டது. தர்ஜினியுடன் மற்றொரு தமிழ் வீராங்கனையான எழிலேந்தினி சேதுகாவலரும் அக்காலத்தில் தேசிய அணியில் ஆடினார். தர்ஜினி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்காகவும் விளையாடியிருக்கிறார்.

2019 உலகக் கோப்பை

இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த இத்தொடரில் அவர் 300க்கும் மேற்பட்ட கோல்கள் போட்டு, அனைத்து நாட்டு வீராங்கனைகளிலும் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு 40 வயது. சிங்கப்பூரை 88–50 என வென்ற ஆட்டத்தில் 76 கோல்கள் அவருடையவை. எனினும், 16 அணிகளில் இலங்கை கடைசி வரிசையிலேயே முடித்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற அணிகளின் தடுப்பாட்டத்தைத் தனி ஒருவரின் உயரத்தால் உடைத்துவிட முடியாது. இலங்கை வலைப்பந்தாட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு தொடரிலேயே தெரிந்தன. 2023இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்த உலகக் கோப்பையிலும் அவர் இலங்கைக்காக ஆடினார்.

மாணவர்கள் கருத வேண்டியது

நம் வகுப்பறைகளில் உயரமான பெண் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் கூனிக்குறுகி உட்காருவதைக் காணலாம். "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று வீட்டில் எழும் பேச்சும் அவர்கள் காதில் விழுகிறது. அதே உயரம், ஆடுகளமும் பயிற்றுநரும் கிடைத்த இடத்தில், ஒரு நாட்டின் பலமாக மாறியது. அப்படிப்பட்ட பிள்ளை ஒருத்தி எல்லாப் பள்ளியிலும் இருப்பாள். அவளுக்கு ஒரு பந்தும் வளையமும், மாலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தருவது பள்ளிகளின் பொறுப்பு.