மரச் சிப்பாய்

2019 நவம்பர். பாரிஸ் நகரில் ஓர் ஏலம். ஏலத்துக்கு வந்த பொருள், தீப்பெட்டி சைஸில் ஒரு குட்டிப் புத்தகம். விலை ஏறிக்கொண்டே போய், கடைசியில் 6 லட்சம் யூரோவில் சுத்தியல் விழுந்தது! கட்டணமெல்லாம் அதற்கு மேலே தனி.

அப்படி என்ன இருந்தது அதில்?

அது 1830-ல் ஒரு பதினாலு வயதுப் பெண் கையாலேயே எழுதித் தயாரித்த பத்திரிகை! பெயர், 'யங் மென்ஸ் மேகஸின்'. இருபதே பக்கங்கள். அதற்குள் 4,000 வார்த்தைகளுக்கு மேல்! அச்செழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதியிருக்கிறாள். படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

அந்தப் பெண்தான் சார்லட் பிரான்ட்டி. பிற்பாடு 'ஜேன் அயர்' எழுதி உலகப் புகழ் பெற்றவர்.

சரி, ஏன் இவ்வளவு குட்டியாக ஒரு பத்திரிகை? அதைப் படிக்கப்போகும் வாசகர்கள் அவ்வளவு குட்டி! அவர்கள் அத்தனை பேரும் மரப் பொம்மைகள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்று ஓர் ஊர். அங்கே பாதிரியாராக இருந்தவர் பேட்ரிக் பிரான்ட்டி. மனைவி 1821-ல் இறந்துபோனார். மூத்த பெண்கள் இரண்டு பேரையும் 1825-ல் காசநோய் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது நாலு பிள்ளைகள் - சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். 1826 ஜூன் மாதம் லீட்ஸ் நகருக்குப் போய் வந்த அப்பா, மகன் பிரான்வெல்லுக்காக ஒரு பெட்டி நிறைய மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். விடிந்ததும் பிள்ளைகள் பெட்டியின் மேல் பாய்ந்தார்கள். இருப்பதிலேயே உயரமான, அழகான சிப்பாயைப் பத்து வயது சார்லட் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

''இவர்தான் வெலிங்டன் பிரபு. இவர் எனக்கு!''

வெலிங்டன் யார்? 1815-ல் வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். அதற்கு முன்பே நமக்கும் பரிச்சயமானவர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி இவரேதான்! அன்றைய இங்கிலாந்தின் சூப்பர் ஸ்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சார்லட் அவருடைய பரம ரசிகை. அவரை யாராவது குறைத்துப் பேசினால் வீட்டில் சண்டைதான். பிரான்வெல் சும்மா இருப்பானா? தன் சிப்பாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைத்தான்!

அடுத்து, அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாடு தேவைப்பட்டது. உருவாக்கினார்கள். நாடு என்றால் பத்திரிகை வேண்டாமா? அப்பா இரவல் வாங்கி வரும் 'பிளாக்வுட்ஸ் மேகஸின்' என்ற பிரபல இதழைப் பார்த்து, அதே பாணியில் தாங்களும் ஆரம்பித்தார்கள். கவிஞர் பைரன் மேல் மோகம் வந்ததும், கதைகளில் பைரன் சாயலில் அழகான, முரட்டுத்தனமான நாயகர்கள் முளைத்தார்கள்.

இன்று நம் வீட்டுப் பிள்ளை நோட்டுப் புத்தகம் முழுக்க நடிகர் படத்தை ஒட்டி வைத்தால், ''இது எங்கே உருப்படப் போகுது?'' என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். சார்லட்டின் நோட்டும் அப்படித்தான் இருந்தது!

1834-ல் ஒரு தோழி, 'நான் என்ன படிக்கலாம், சொல்லேன்' என்று கேட்டிருந்தாள். பதினெட்டு வயது சார்லட் பதில் கடிதத்தில் ஒரு பெரிய பட்டியலே போட்டுவிட்டாள். ஷேக்ஸ்பியர், மில்டன், பைரன், வேர்ட்ஸ்வொர்த், ராபர்ட் சதே... நாவல் என்றால் வால்டர் ஸ்காட் மட்டும் போதுமாம், அவருக்குப் பின் வந்ததெல்லாம் தண்டமாம்! பறவைகள், விலங்குகள் பற்றித் தெரிந்துகொள்ள பியூவிக் எழுதிய புத்தகங்கள். பதினெட்டு வயதுக்கே உரிய அடித்துப் பேசும் தோரணை!

அந்தப் பட்டியலில் ராபர்ட் சதே என்று ஒரு பெயர் இருக்கிறது, பாருங்கள். அவர் அப்போது இங்கிலாந்தின் ஆஸ்தான கவி. 1836 டிசம்பரில் சார்லட் தன் கவிதைகளை அவருக்கு அனுப்பிவைத்தாள். அப்போது அவள் ஒரு பள்ளியில் டீச்சர். நாளெல்லாம் பாடம், கையில் தையல் வேலை, தலைக்குள்ளோ ஓயாமல் கதை. 'கவிஞராகப் பேர் வாங்க ஆசைப்படுகிறேன்' என்று மனதைத் திறந்து எழுதியிருந்தாள்.

அதே குளிர்காலத்தில் தம்பி பிரான்வெல்லும் வேர்ட்ஸ்வொர்த்துக்கு ஒரு கடிதம் போட்டான். அவனுக்குப் பதிலே வரவில்லை.

அக்காவுக்கு மார்ச்சில் வந்தது. உனக்குத் திறமை இருக்கிறது என்று சதே ஒப்புக்கொண்டார். ஆனால், இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்பது அவர் தீர்ப்பு. வீட்டுக் கடமைகளை ஒழுங்காகச் செய்கிற பெண்ணுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் கேட்டிருந்தார்.

யாரோ எவரோ சொல்லியிருந்தால் தள்ளிவிட்டுப் போகலாம். சொன்னவர், அவளே மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்த கவிஞர்!

சார்லட் பணிவாக நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். தன் இருபத்தோராவது பிறந்த நாளன்று, 'சதேயின் அறிவுரை - என்றைக்கும் பத்திரப்படுத்த வேண்டியது' என்ற பொருளில் குறிப்பெழுதி அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தாள். பத்திரமாகத்தான் வைத்தாள்... எழுதுவதை மட்டும் விடவில்லை!

பத்து வருடம் கழித்து, 1847 அக்டோபரில் 'ஜேன் அயர்' வெளிவந்தது. ஆசிரியர் பெயர் கர்ரர் பெல். ஆணா, பெண்ணா என்று தெரியாதபடி ஒரு புனைபெயர். லண்டனே பரபரத்தது.

இப்போது நாவலைப் புரட்டிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் சிறுமி ஜேன் ஜன்னலோரம் ஒளிந்து உட்கார்ந்து படிப்பது என்ன? பியூவிக்கின் பறவைப் புத்தகம்! நாயகன் ரோச்செஸ்டரிடம் பைரன் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. மனநிலை தவறிய மனைவி, ரோச்செஸ்டரின் கட்டிலுக்குத் தீ வைக்கும் காட்சி படித்தவர்களுக்கு மறக்காது. பாரிஸில் ஏலம் போனதே குட்டிப் பத்திரிகை... அதிலேயே மனம் பேதலித்த ஒரு கொலைகாரனின் கட்டில் திரைச்சீலைகள் தீப்பற்றி எரிகின்றன! பதினாலு வயதில் விளையாட்டாகப் பற்றவைத்த நெருப்பு, 17 வருடம் அணையாமல் இருந்திருக்கிறது. ரசிகையாக அவள் பொறுக்கிச் சேர்த்ததில் எதுவுமே வீண் போகவில்லை.

ஆஸ்தான கவி சதே இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1843-லேயே காலமாகிவிட்டார். சார்லட்டுக்கு அறிவுரை சொன்ன அதே 1837-ல் அவர் ஒரு குழந்தைக் கதையை அச்சிட்டார். மூன்று கரடிகள் கதை! அது உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரியும். எழுதியவர் பெயர்தான் அநேகம் பேருக்குத் தெரியாது.

புகழ் வந்த வேகத்தில் சாவும் வந்தது. 1848 செப்டம்பரில் குடியாலும் அபினாலும் சீரழிந்திருந்த பிரான்வெல். டிசம்பரில் எமிலி. அடுத்த மே மாதம் ஆன். மரச் சிப்பாய்களுக்காக அடித்துக்கொண்ட நாலு பேரில் மிஞ்சியது சார்லட் ஒருத்திதான்.

1850 ஜூன். லண்டனுக்கு வந்திருந்த சார்லட்டை அவருடைய பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் ஒரு தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். பிரார்த்தனைக்கு வந்தவர்களில் நரைத்த தலையோடு ஒரு கிழவர். வயது 81. பெயர்... வெலிங்டன்!

சார்லட்டின் ஆசையைப் புரிந்துகொண்ட ஸ்மித், கிழவர் வீடு திரும்பும் பாதையைக் கணக்குப் போட்டு, அவர் இரண்டு தடவை எதிரே வரும்படி சார்லட்டை நடத்திக் கூட்டிப்போனார். முப்பத்து நாலு வயதில், இங்கிலாந்தே கொண்டாடிய எழுத்தாளர், ஒரு பழைய ரசிகையாகத் தெருவில் நடந்தார்.

''இவர் எனக்கு!'' என்று பறித்துக்கொண்ட மரப் பொம்மை உயிரோடு எதிரே வருகிறது. 'அதோ பார்!' என்று காட்டத்தான் பக்கத்தில் பிரான்வெல் இல்லை.