ஏழு ஏக்கரா, எழுபது ஏக்கரா? விட்டுப்போன ஒரு கணிதப் பாடம்

முல்லைத்தீவில் நான் நடத்தும் மாலை வகுப்பின் பின்வாங்கில் முப்பது வயதைத் தொடும் ஒரு பெண் இருக்கிறார். 2009 இல் அவர் எட்டாம் தரம். புத்தகப் பையை மாத்தளனில் விட்டுவிட்டு வந்தவர். செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் சில மாதம் படித்தார், பிறகு படிப்பு நின்றுபோனது. இப்போது க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத இருக்கிறார். கணிதச் சித்தி இல்லாமல் அவர் கேட்கும் வேலை கிடைக்காது.

இவரைப் போன்றவர்களுக்குச் சதவீதமும் வட்டியும் நன்றாக வரும். கடையும் சங்கமும் கற்பித்துவிட்டன. இடறுவது விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில்தான். அதை வகுக்கச் சொன்னால் பேனாவை வைத்துவிடுவார்கள். அதை விட்டால் பின்னால் வரும் மடக்கையும் விளங்காது, ஏனென்றால் மடக்கையின் சிறப்பியல்பு என்பது இந்தப் பத்தின் சுட்டியேதான்.

எண்ணை 1 இற்கும் 10 இற்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகவும் (1 ஆகவும் இருக்கலாம், 10 ஆக முடியாது) பத்தின் ஒரு வலுவாகவும் பிரித்து எழுதுவதே இந்தக் குறிப்பீடு. 58,000 என்பது 5.8 × 10⁴. வகுக்கும்போது முன் எண்ணை முன் எண்ணால் வகுக்க வேண்டும், சுட்டியிலிருந்து சுட்டியைக் கழிக்க வேண்டும்.

"ஏன் சேர் கழிக்கிறது? பிரிக்கத்தானே சொன்னவை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 10⁵ என்றால் ஐந்து பத்துகளின் பெருக்கம், 10³ என்றால் மூன்று பத்துகளின் பெருக்கம். மேலும் கீழும் எழுதி வெட்டினால் மேலே இரண்டு பத்து மிஞ்சும். அந்த 5 − 3 தான் கழித்தல். விதியை மனனம் செய்தவர்கள் பரீட்சை மண்டபத்தில் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை வெட்டிப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அன்று காணிக் கணக்கு ஒன்றை எடுத்தேன். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பளவு 1,025 சதுர கிலோமீற்றர். ஒரு சதுர கிலோமீற்றர் 10⁶ சதுர மீற்றர் (10³ என்று எழுதுவோர் அதிகம், கவனம்). ஆகவே 1.025 × 10⁹ சதுர மீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை ஏறத்தாழ 5.8 × 10⁵. தலைக்கு எவ்வளவு?

1.025 ÷ 5.8 = 0.1767
10⁹ ÷ 10⁵ = 10⁴

விடை 0.1767 × 10⁴. பெறுமானம் சரி, ஆனால் வடிவம் சரியில்லை. முன் எண் 1 ஐ விடச் சிறிது. தசமப் புள்ளியை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தி முன் எண்ணைப் பத்து மடங்காக்கினால், சுட்டியில் ஒன்றைக் குறைத்து ஈடுசெய்ய வேண்டும். 1.767 × 10³, அதாவது 1,767 சதுர மீற்றர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆக, ஆளுக்கு ஏழு பரப்பு.

பிறகு முல்லைத்தீவு. 2,617 சதுர கிலோமீற்றர், அதே ஆண்டில் ஏறத்தாழ 92,000 பேர். 2.617 × 10⁹ ஐ 9.2 × 10⁴ ஆல் வகுத்தால் 0.284 × 10⁵, திருத்தினால் 2.84 × 10⁴ சதுர மீற்றர். ஏறக்குறைய ஏழு ஏக்கர். அவர் புள்ளியை நகர்த்தினார், சுட்டியை மாற்ற மறந்தார். 2.84 × 10⁵ என்று எழுதினார். ஏழு ஏக்கர் எழுபது ஏக்கராகிவிட்டது. பிழையைக் காட்டியதும் சிரித்துவிட்டு, "ஏழெண்டாலும் எங்கட ஏழு ஏக்கர் எங்க சேர் கிடக்கு?" என்றார்.

வகுத்து வருவது சராசரி, காணி உறுதி அல்ல. அந்த 2,617 இற்குள் காடு, குளம், களப்பு, படைமுகாம் எல்லாம் அடங்கும். இதைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் கரும்பலகையைத் துடைத்தேன்.

மறைச் சுட்டிக்கு அப்பியாசக் கொப்பித் தாளே போதும். 500 தாள் கொண்ட கட்டின் உயரம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர், அதாவது 5 × 10⁻² மீற்றர். அதை 5 × 10² ஆல் வகுத்தால் சுட்டி −2 − 2 = −4. (பாதிப்பேர் பூச்சியம் என்று எழுதினார்கள்.) ஒரு தாளின் தடிப்பு 1 × 10⁻⁴ மீற்றர், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு.

இனி மறைச் சுட்டியால் வகுப்போம். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையளவுக்கு அடுக்க எத்தனை தாள் வேண்டும்? 2.524 × 10³ ÷ 1 × 10⁻⁴. சுட்டி 3 − (−4) = 7. மறையைக் கழித்தால் கூடும். 2.524 × 10⁷, அதாவது இரண்டு கோடியே ஐம்பத்திரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் தாள்.

சுட்டியில் பிழை விட்டு 10⁻¹ என்று எழுதியிருந்தால் கால் தாளில் மலை ஏறிவிடலாம். விடையைப் பார்த்து "இது நடக்குமா" என்று ஒருமுறை கேட்கும்படி எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வகுப்புக்கு அவர் தன் தகப்பனின் காணி வரைபடத்தைக் கொண்டுவந்தார். ஏக்கர், றூட், பேர்ச்சில் இருந்ததைச் சதுர மீற்றருக்கு மாற்றி, குடும்பத்தில் ஐந்து பேருக்கும் தானே வகுத்துப் பார்த்திருந்தார். சுட்டி சரியாக இருந்தது.