கொரியோ காலச் செலடன் கலங்கள்: மதுக்கலம் என்னும் வகைப்பாடு குறித்து

கொரியாவின் கொரியோ அரசமரபுக் காலத்தில் (கி.பி. 918–1392) வனையப்பட்ட பச்சைப் பீங்கான் கலங்கள் செலடன் எனப்படுகின்றன. இவற்றுள் மூக்கும் பிடியும் மூடியும் உடைய கெண்டிகளையும், தோள் அகன்று வாய் குறுகிய ‘மேபியோங்’ என்னும் சாடிகளையும் மதுக்கலங்கள் எனக் குறிப்பது அருங்காட்சியக வழக்கு. அவ்வழக்கிற்குரிய சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துச் சான்றுகளுள் முதன்மையானது, 1123இல் சீனத்தின் சொங் அரசவைத் தூதுக்குழுவோடு கொரியோ தலைநகருக்குச் சென்ற சூ சிங் எழுதிய அறிக்கையாகும். முலாம்பழ வடிவ மதுக்கலம் ஒன்றின் சிறுமூடி, தாமரைமேல் அமர்ந்த வாத்தின் உருவில் இருந்ததாக அவர் குறிப்பிடுகிறார். அறிக்கையுடன் இணைந்திருந்த படங்கள் போரில் அழிந்தமையால் அக்கலத்தைச் சொல்வழியாக மட்டுமே அறிய முடிகிறது.

கெண்டிகளின் அமைப்பும் ஓரளவு துணைசெய்கிறது. சில கெண்டிகள் ஆழமான கிண்ணத்துடன் இணையாகக் கிடைத்துள்ளன. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதனுள் கெண்டியை வைத்தால் மது வெதுவெதுப்பாக இருக்கும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலுள்ள பொன்முலாம் பூசிய வெள்ளிக் கெண்டியும் இவ்வாறே கிண்ணத்துடன் உள்ளது. மூடியையும் பிடியையும் கயிற்றால் பிணைப்பதற்கான சிறு வளையங்கள் செலடன் கெண்டிகளிலும் காணப்படுவதால், குயவர்கள் உலோகக் கலங்களைப் பின்பற்றினர் எனலாம். ஆயினும் கிண்ணமின்றிக் கிடைத்த கெண்டிகளை மதுவிற்கே உரியவை எனல் பொருந்தாது. பௌத்தம் செழித்த கொரியோவில் தேநீர்ப் பழக்கம் பரவியிருந்தது. தேயிலைத் தூளின்மீது வெந்நீர் வார்க்கவும் கெண்டியே வேண்டும்.

மேபியோங் பற்றிய கருத்தைக் கடலடி அகழாய்வு மாற்றியது. தேயான் கடற்பகுதியில் மூழ்கிய ‘மாதோ 2’ என்னும் சரக்குக் கப்பலிலிருந்து 2010இல் இரு செலடன் மேபியோங்குகள் மூங்கில் சீட்டுகளுடன் மீட்கப்பட்டன. சீட்டுகளின்படி ஒன்றில் தேனும் மற்றொன்றில் நல்லெண்ணெயும் நிரப்பப்பட்டிருந்தன. அவை படை அதிகாரி ஒருவரின் இல்லத்திற்கு அனுப்பப்பட்டவை. மேலும், மதுச்சாடிக்கு வழங்கும் ‘சுன்’ என்னும் சொல்லே இச்சீட்டுகளில் தேன், எண்ணெய்ச் சாடிகளுக்கும் ஆளப்பட்டுள்ளது. எனவே பெயரை மட்டும் கொண்டும் பயனை முடிவுசெய்ய இயலாது.

தமிழில் இக்கலங்களை விவரிப்போர் ‘மதுக்குடம்’, ‘மதுக்கெண்டி’ என ஆங்கிலக் குறிப்பை அப்படியே பெயர்ப்பதினும், ‘கெண்டி’, ‘சாடி’ என்றே வழங்குதல் தகும். அச்சொற்கள் வடிவத்தைச் சொல்லும். உள்ளிருந்தது எது என்று முன்கூட்டித் தீர்ப்பதில்லை. ‘மது’ என்னும் அடை, சூடாக்கும் கிண்ணத்துடன் கிடைத்த கெண்டிகளுக்கு மட்டும் இருக்கட்டும்.