பெருந்தொற்றும் சிறுவியாபாரமும்: சிங்கப்பெருமாள் கோவில்

செங்கற்பட்டுக்கு வடக்கே ஜி.எஸ்.டி. சாலையையும் மின்ரயில் பாதையையும் ஒட்டி அமைந்து, பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியுள்ள பல்லவர் காலக் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊரில், பூவும் தேங்காயும் இட்லியும் விற்று ஜீவனம் நடத்தும் ஸ்திரீகள், கோயிலுக்கு வரும் பக்தர்களையும், ரயில் பிரயாணிகளையும், மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரையும் நம்பியே கடை பரப்புகின்றனர். 2020 மார்ச் 25-இல் தேசமெங்கும் ஊரடங்கு அமலானபோது இந்த ஆதாரங்கள் யாவும் ஏககாலத்தில் அற்றுப்போயின. பெரிய ஆலயங்கள் செப்டம்பர் 1-இல்தான் திறந்தன. புறநகர் ரயிலில் சாதாரணப் பெண் பிரயாணிகள் நவம்பர் 23-இலும், ஆண்கள் டிசம்பர் 23-இலும்தான் மீண்டும் ஏற முடிந்தது.

காலையில் வாங்கிய பூ மாலைக்குள் விற்காவிடில் முதலே நஷ்டமாகிவிடும் வியாபாரத்தில், சேமிப்பு என்பது பெரும்பாலும் கழுத்திலுள்ள நகையே. அது அடகுக்குப் போனபின் மறுபடி சரக்கெடுக்கக் கையில் பணமிராது. அவ்வாண்டு ரமலான் மாதம் முழுவதும் ஊரடங்கிலேயே கழிந்ததால், பண்டிகை விற்பனையை எதிர்பார்த்த முஸ்லிம் தையற்காரரும் ஜவுளிக்காரரும் ஓராண்டு வருமானத்தில் கணிசமான பகுதியை இழந்தனர்.

ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை கடன் தவணையை ஒத்திவைக்க அனுமதித்ததேயன்றி, வட்டி நிற்கவில்லை. 2020 ஜூனில் 10,000 ரூபாய்க் கடன் திட்டமாகத் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி, நகர்ப்புறத் தெரு வியாபாரிகளுக்கென வகுக்கப்பட்டதாதலின், இவ்வூரைப் போன்ற ஊராட்சிப் பகுதியில் கடை பரப்புவோருக்கு அப்போது பொருந்துவது கடினமாயிருந்தது. இதை அத்திட்டத்தின் பெருங்குறையென்றே கொள்ளவேண்டும். கடை மீண்டும் தலையெடுக்கத் தொடங்கிய வேளையில், 2021 மே 10-இல் தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு அமலானது.