கூட்டல் தெரியாத கருவி

கம்பைலர் வகுப்பில், "இதெல்லாம் எங்கே சார் உபயோகப்படும்?" என்று கேட்ட கடைசி பெஞ்ச் கூட்டத்தில் நானும் ஒருவன். பதில் கிடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் நம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்தில்!

வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மென்பொருள் தயாரிக்கும் வேலை. 4050 பைட் நினைவகத்தில் முக்கால் பங்கை ஒதுக்க வேண்டும். சிமேக் என்ற பில்ட் கருவியில் 'மேத்' கட்டளையைப் போட்டு, 4050-ஐ 100-ஆல் வகுத்து 75-ஆல் பெருக்கு என்று எழுதினேன். வந்தது 3000. முதலில் பெருக்கிப் பிறகு வகுத்திருந்தால் 3037. அந்தக் கட்டளைக்கு முழு எண் மட்டும்தான் தெரியும், 40.5 அதற்கு வெறும் 40. தொலைந்த 37 பைட்டைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

அப்புறம்தான் இதன் சரித்திரத்தைப் புரட்டினேன். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுதையே வீணாக்கினார். பிழையைத் திருத்தியாகிவிட்டது, ஆனால் திருத்திய ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவில்லை! அவர் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் 'மேக்'. எந்த ஃபைல் புதிது, எது பழையது என்று பார்ப்பதே அதன் வேலை. கணக்கு அதன் இலாகா இல்லை.

ஆனால் ஜனங்களுக்குக் கணக்கு தேவைப்பட்டதே! யூனிக்ஸின் 'எக்ஸ்பர்' கட்டளையைக் கூப்பிட்டார்கள். அங்கே பெருக்கல் நட்சத்திரத்தை மறைத்து எழுதாவிட்டால், ஷெல் அதை ஃபைல் பெயர்களாக விரித்துவிடும். குனு மேக்கில் சிலர் எக்ஸ் எழுத்துகளை வரிசையாக வைத்து, வார்த்தைகளை எண்ணிக் கூட்டினார்கள். நாம் ஒன்றாம் வகுப்பில் விரல் விட்டோமே, அதேதான். 2022-ல் வந்த 4.4 பதிப்பில்கூட எண்களை ஒப்பிடத்தான் வசதி வந்தது, கூட்ட அல்ல.

சிமேக் கணக்குக்கென்றே தனிக் கட்டளை வைத்தது. உள்ளே நடப்பது நம் பாடமேதான்: வரியை எண்களாகவும் குறிகளாகவும் பிரிப்பது, எது முதலில் என்பதை இலக்கண விதியாக எழுதுவது, ஒவ்வொரு விதி பொருந்தும்போதும் விடையை மேலே அனுப்புவது. அந்த விதிகளை நிரலாக மாற்றித் தருவது 'பைசன்'. பைசனின் மூதாதை 'யாக்'. யாக்கை எழுதியவர்? காலைப் பொழுதை வீணாக்கிய அதே ஜான்சன்!

தம்பி தங்கைகளே, கருவி பொய் சொல்லவில்லை; அதன் எல்லையை நான்தான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. முதலில் பெருக்குங்கள், பிறகு வகுங்கள். கம்பைலர் வகுப்பில் தூங்காதீர்கள்.